பூட்டான் துணி வாங்கப் போகிறீர்களா? முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: குடும்பத்தோடு பூட்டான் போகிறோம். அம்மாவுக்கு அந்த ஊர் நெசவுத் துணி ஒன்று வாங்க ஆசை. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் துணிக்கு ஒரு கடையில் இரண்டாயிரமும் இன்னொரு கடையில் அறுபதாயிரமும் சொல்கிறார்கள் என்று போய்வந்தவர்கள் பயமுறுத்துகிறார்கள். ஏமாறாமல் வாங்குவது எப்படி? பழைய துணி வாங்கலாமா? சென்னைக் காற்றில் அது எத்தனை நாள் தாங்கும்? (வாசகி ஒருவர், சென்னை)

பதில்: அந்த இரண்டு கடைக்காரர்களும் நியாயமான விலையைச் சொல்லியிருக்கலாம். பூட்டானில் அலுவலகம், பள்ளி, கோயில், விழா எங்கே போனாலும் பெண்கள் உடம்பைச் சுற்றிக் கட்டும் 'கிரா'வும் ஆண்கள் முழங்கால்வரை வரும் அங்கியான 'கோ'வும் உடுத்துகிறார்கள். தினசரி உடுப்புக்குக் கைத்தறி கட்டுப்படியாகாது. அதனால் அதே வடிவங்களை விசைத்தறியில் நெய்த துணி இந்தியாவிலிருந்து அங்கே போகிறது, அந்த ஊர்க்காரர்களே அதை வாங்கி உடுத்துகிறார்கள். அதைப் போலி என்று நான் சொல்ல மாட்டேன். அதையே கைத்தறி என்று சொல்லி உங்களிடம் விற்றால்தான் மோசடி.

கடையில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: எந்தத் தறி? என்ன நூல்? பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். அக்ரிலிக் நூலையும் டெரிகாட்டன் நூலையும் கையால் நெய்வது பூட்டானில் சாதாரணம். 'கையால் நெய்தது' என்று கடைக்காரர் சொன்னது உண்மையாக இருந்தும் அது பட்டாக இல்லாமல் போகலாம்.

தறியைக் கண்டுபிடிக்க மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது அகலம். கிழக்குப் பூட்டான் பெண்கள் நெய்வது இடுப்புத் தறியில். தறியின் ஒரு முனை சுவரோரச் சட்டத்தில் நிற்கும், மறுமுனையை ஒரு பட்டையால் இடுப்போடு கட்டிக்கொண்டு, உடம்பைச் சாய்த்தே பாவு நூலை, அதாவது நீளவாட்டு இழைகளை, இறுக்குவார்கள். கை எட்டும் அளவுக்குத்தான் துணி அகலம் வரும். எனவே முழுக் கிரா என்பது மூன்று நீளத் துண்டுகளைப் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்தது. அந்தத் தையலே இல்லாமல் ஒரே அகலமாக இருந்தால் அது இடுப்புத் தறித் துணி அல்ல. இரண்டாவது ஓரம். கைத்தறியில் ஊடை நூல், அதாவது குறுக்கிழை, ஓரத்தில் திரும்பி உள்ளே போகும். நவீன விசைத்தறிகள் பலவற்றில் அது வெட்டுப்பட்டுக் குஞ்சமாக நிற்கும்.

மூன்றாவதுதான் முக்கியம், பின்பக்கம். பூட்டான் நெசவின் உச்சம் என்று நான் கருதுவது கிஷுத்தாரா என்னும் பூவேலைக் கிரா. லுன்ட்சி மாவட்டத்தின் கோமா கிராமம் அதற்குப் பேர்போனது. அதில் பாவு மிக நெருக்கமாக நிற்கும், அடிப்படை ஊடை கண்ணுக்கே படாது. பூவேலைக்கான வண்ண நூலை நெசவுக்காரப் பெண் விரலாலும் சிறு குச்சியாலும் எடுத்து, பாவிழைகளில் சுற்றி, அந்தப் பூவின் எல்லையிலேயே திருப்பிவிடுகிறார். முன்பக்கம் சங்கிலித் தையல் போட்டது போல இருக்கும் வேலைக்கு அங்கே ட்ரிமா என்று பெயர், தட்டையாகப் படிந்திருப்பது சப்மா. பார்ப்பவர்கள் எம்பிராய்டரி என்றே நினைப்பார்கள், ஆனால் ஊசி படவே இல்லை. துணியைத் திருப்பினால் பின்பக்கம் ஏறக்குறைய வெறும் தளமாக இருக்கும், வடிவம் அங்கே தெரியாது. பூவேலையை இயந்திரமே நெய்யும் ஜக்கார்டு விசைத்தறியில் வண்ண நூல் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குப் பின்னால் நீளமாக ஓடும், அல்லது கத்தரித்த நுனிகள் தெரியும். நிஜ எம்பிராய்டரியில் தையல் பின்பக்கமும் வந்திருக்கும். ஒரு நல்ல கிஷுத்தாரா நெய்யப் பல மாதங்கள், சில நேரம் ஒரு வருடம்கூட ஆகும். தளமும் பூவேலையும் பட்டாகவே நெய்தது லட்சத்தைத் தாண்டினால் அதில் அநியாயம் எதுவும் இல்லை.

'சின்னப் பிழைகள் இருந்தால் கைத்தறி' என்ற பேச்சை நம்பாதீர்கள். கைதேர்ந்த கோமாப் பெண்ணின் வேலையில் பிழை தேடினாலும் கிடைக்காது.

நூல் என்ன என்று தெரிய, உதிரி இழை ஒன்றைக் கேட்டு வாங்கி வெளியே வந்து கொளுத்திப் பாருங்கள். பட்டும் கம்பளியும் முடி கருகும் வாடை அடித்து, நொறுங்கும் சாம்பலாகும். செயற்கை இழை உருகிக் கெட்டி உருண்டையாகும்.

உங்கள் அம்மாவுக்கு என்றால் முழுக் கிராவுக்குப் போகாதீர்கள் என்பேன். மட்டமான கிரா வாங்கும் அதே பணத்தில் முதல்தரமான ராச்சு கிடைக்கும். பெண்கள் விழாவுக்கு இடது தோளில் போடும் குறுகலான துணி அது. இடுப்பில் கட்டும் பட்டையான கேராவும் அப்படியே. கம்பளி பிடிக்கும் என்றால் பும்தாங் பகுதியின் சுமே பள்ளத்தாக்கில் நெய்யும் யத்ரா என்ற கம்பளித் துணி வாங்கலாம், அது காலால் மிதித்து இயக்கும் தறியில் நெய்தது. ஆண்கள் தோளில் போடும் காப்னே என்ற துணியை மட்டும் சால்வையாக நினைத்து வாங்கிப் போர்த்திக்கொள்ள வேண்டாம். அதன் நிறம் பதவியைக் குறிக்கும். மஞ்சள் மன்னருக்கும் தலைமைத் துறவிக்கும் மட்டுமே உரியது.

கடைக்குப் போகும் முன் திம்புவில் உள்ள ராயல் டெக்ஸ்டைல் அகாடமி அருங்காட்சியகத்தில் அரை நாள் செலவிடுங்கள். நல்ல நெசவைக் கண்ணால் பார்த்த பிறகு கடையில் சந்தேகம் பாதியாகக் குறையும்.

பழைய துணி வேண்டாம். பூட்டானிலிருந்து பழம்பொருள்களை வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. பழசாகத் தெரியும் எதற்கும், பழம்பொருள் அல்ல என்று பண்பாட்டுத் துறை தரும் சான்று இல்லாமல் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

சென்னைக்கு வந்த பிறகு பட்டு வேலை உள்ளதை வீட்டில் துவைக்காதீர்கள். அரக்குப் பூச்சியிலிருந்து எடுக்கும் இயற்கைச் சிவப்பானாலும் ரசாயனச் சாயமானாலும் பக்கத்து நிறத்தில் இறங்கலாம். ஈர வெள்ளைத் துணியை உள்மூலையில் ஒற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். மடிக்காமல், வெள்ளைப் பருத்தித் துணி சுற்றிய குழாயில் பூவேலை வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டி வையுங்கள். பிளாஸ்டிக் உறை கூடாது, ஈரம் உள்ளே நின்று பூஞ்சை பிடிக்கும். மழைக்காலம் முடிந்ததும் நிழலில் காற்றாட விடுங்கள். யத்ராவில் பூச்சி அரித்த தடம் தெரிந்தால் மட்டும் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைக்கலாம். எடுத்தவுடன் பிரிக்காமல் ஒரு நாள் வெளியே விட்டுப் பிறகு திறங்கள், இல்லையென்றால் குளிர்ந்த கம்பளி அறை ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.