வீட்டில் சாமி கும்பிடுவது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: அம்மா, ஒற்றைப் படுக்கையறை வாடகை வீடு. பூஜையறைக்கு இடமே இல்லை. சமையலறை அலமாரியில் சாமி படம் வைக்கலாமா?

பதில்: தாராளமாக வையுங்கள். நானும் பல வருடம் அரிசி டப்பாவுக்கு மேல்தட்டில்தான் வைத்திருந்தேன். தாளிக்கிற எண்ணெய்ப் பிசுக்கு கண்ணாடியில் படியும், வாரம் ஒருமுறை துடைத்துவிட்டால் போதும்.

இடமில்லை என்று யார் வருந்தினாலும் எனக்குப் பூசலார் நாயனார் ஞாபகம்தான் வரும். திருநின்றவூர்க்காரர். கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. மனதுக்குள்ளேயே கோயில் எழுப்பி, மதிலும் கிணறும் குளமும் அமைத்து, குடமுழுக்குக்கு நாளும் குறித்துவிட்டார். காஞ்சியில் பல்லவ மன்னன் எழுப்பிய கற்கோயிலுக்கும் அதே நாள். சிவபெருமான் மன்னன் கனவில் வந்து, 'நாளை நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் வைத்துக்கொள்' என்றாராம். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்வது இது. உங்களிடம் ஒரு அலமாரித் தட்டே இருக்கிறதே!

கேள்வி: விளக்கு அடிக்கடி அணைந்துவிடுகிறது. சில நாள் படபடவென்று வெடிக்கவும் செய்கிறது. அபசகுனமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயமே வேண்டாம், மகளே. துலக்கிய ஈரம் போகாமல் எண்ணெய் ஊற்றியிருப்பீர்கள். திரியில் ஏறுகிற தண்ணீர்தான் அப்படி வெடிக்கும். புளி போட்டுத் தேய்த்துக் கழுவியதும் துணியால் துடைத்து, கொஞ்ச நேரம் வெயிலில் கவிழ்த்து வையுங்கள். புதுத் திரியை முழுக்க எண்ணெயில் நனைத்து, நுனியை மட்டும் லேசாகப் பிழிந்து, முகத்துக்கு வெளியே சற்று நீட்டி ஏற்றுங்கள். ஃபேன் காற்று படாத மூலையாகப் பாருங்கள். அப்புறமும் அணைந்தால் இன்னொரு தீக்குச்சி கிழித்து ஏற்றுங்கள், அவ்வளவுதான். என் மாமியார் படுக்கையில் கிடந்தபோது ஒருநாள் விளக்கு அணைந்துபோய், அதை நினைத்து நான் இரவெல்லாம் அழுதிருக்கிறேன். அந்தத் தவிப்பு உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: எனக்கு இரவுப் பணி. விடியற்காலையில் எழுந்து கும்பிட முடியவில்லை.

பதில்: நீங்கள் எழுந்து குளிக்கிற நேரம்தான் உங்களுக்குக் காலை, தம்பி. வேலைக்குக் கிளம்புமுன் விளக்கேற்றி, திருநீறு பூசிக்கொண்டு போங்கள். ஆளில்லாத வீட்டில் விளக்கு எரியவேண்டாம். ஒரு பூவால் திரியைக் குளிரவைத்துவிட்டுக் கதவைப் பூட்டுங்கள்.

கேள்வி: சமஸ்கிருத மந்திரம் எதுவும் தெரியாது. தமிழ்ப் பாட்டு போதுமா?

பதில்: போதும். மார்கழிக்குத் திருப்பாவை 30, திருவெம்பாவை 20 பாடல்கள் இருக்கின்றன. மற்ற நாட்களுக்கு அபிராமி அந்தாதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டு தொடங்குவதால் மனப்பாடம் தானாக ஆகும். தினம் ஒன்று என்றாலும் 100 நாளில் முழுதும் உங்கள் வசமாகிவிடும்.

கேள்வி: மாதவிலக்கு நாட்களில் என்ன செய்வது, அம்மா?

பதில்: வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு. மனதுக்குள் பாட எந்த நாளும் தடையில்லை என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் வீட்டில் விளக்கைத் தொடக்கூடாது என்றால், அந்த நாட்களில் கணவரோ பிள்ளைகளோ ஏற்றட்டும். என் மகன் திரி திரிக்கக் கற்றுக்கொண்டது அப்படித்தான்.