காட்டுத்தீப் புகையும் பாலைவனத் தூசியும் எங்கே போகின்றன என்று செயற்கைக்கோள் படத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு முடிவுக்கு வராதீர்கள். மெல்லிய புகையும் மெல்லிய மேகமும் அசையாத படத்தில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். ஓட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஹிமாவாரி, கோஸ் வகை வானிலைக் கோள்கள் ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றுவதால், பூமியின் ஒரே பக்கத்தை 10 நிமிடத்துக்கு ஒருமுறை படம் பிடிக்கின்றன. அவற்றை வரிசையாக ஓடவிட்டால், மேகம் நடுவானில் தோன்றிக் கரையும். புகையோ தரையில் ஒரே இடத்திலிருந்து கிளம்பிக்கொண்டே இருக்கும்.

நான் பெரும்பாலும் நாசாவின் வேர்ல்டுவியூ தளத்தில்தான் தொடங்குவேன். இலவசம். இயற்கை நிறப் படத்தின் மேல் தீ அடுக்கைப் போட்டால், கோள் கடும் வெப்பத்தைக் கண்ட இடங்களில் சிவப்புப் புள்ளிகள் வரும். அந்தப் புள்ளிகளிலிருந்து சாம்பல் நீலத்தில் ஒரு வால் நீண்டால் அது புகை. தூசி மஞ்சள் கலந்த பழுப்பு. சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் புகை எடுப்பாகத் தெரியும், உச்சிவேளையில் வெளிறிவிடும்.

(இந்தச் சிவப்புப் புள்ளி வரைபடத்தைப் போட்டு 'கண்டமே எரிகிறது' என்று பரப்புபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். இந்தப் புள்ளிகளைத் தரும் கோள் கருவிகளில் ஒன்றான விர்ஸில் ஒரு புள்ளி என்பது சுமார் 375 மீட்டர் சதுரம். அதற்குள் சின்னத் தீ இருந்தாலும் புள்ளி விழும். எண்ணெய் வயலில் வாயுவை எரித்தாலும் விழும்.)

தூசியில் வேறொரு சிக்கல். கடல் மேல் போகும்போது பளிச்சென்று தெரியும், வெளிறிய பாலைவனத்தின் மேல் தரையோடு தரையாகக் கலந்துவிடும். அதற்காகத்தான் அகச்சிவப்பு அலைவரிசைகளின் வித்தியாசத்தை நிறமாக்கி 'டஸ்ட் ஆர்ஜிபி' என்று ஒரு படம் தருகிறார்கள். அதில் தூசி இளஞ்சிவப்பாக நிற்கும், இரவிலும்கூட. புகைக்கு இந்த வித்தை எடுபடாது. புகைத் துகள்கள் மிகவும் நுண்ணியவை என்பதால் வெப்ப அகச்சிவப்பு அவற்றை ஊடுருவிப் போய்விடுகிறது. அதனால் பொழுது சாய்ந்ததும் புகை படத்திலிருந்து காணாமல் போகும், மறுநாள் காலையில் வேறெங்கோ தென்படும். இடைப்பட்ட இரவுக்கு ஹைஸ்பிளிட் போன்ற காற்றோட்டக் கணிப்புகளைத்தான் நம்ப வேண்டும்.

மேகத்துக்கு மேலே புகை இருந்தால்? சென்டினல் 5பி கோள் தரும் புற ஊதா ஏரோசால் (காற்றில் மிதக்கும் நுண்துகள்) குறியீட்டைப் பாருங்கள். புகையும் தூசியும் புற ஊதாக் கதிரை உறிஞ்சும், மேகம் அப்படி உறிஞ்சாது. 2020 ஜூனில் சகாராவிலிருந்து கிளம்பி அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் வரை போன பெரும் தூசிப்படலம் மாதிரியானவற்றைப் பின்தொடர இது நல்ல வழி.

சரி, எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எந்த உயரத்தில்? என்னைக் கேட்டால் உண்மையான கேள்வி இதுதான். 2023 ஜூன் தொடக்கத்தில் கனடாவின் கியூபெக் மாகாணக் காட்டுத்தீயின் புகை தாழ்வாக நியூயார்க்குக்கு வந்தது. வானம் ஆரஞ்சு நிறமாகி, மூச்சு விடவே சிரமமானது. அதே மாதக் கடைசியில் கனடாவின் புகை ஐரோப்பாவை எட்டியபோது பெரும்பாலும் உயரத்திலேயே கடந்துபோனது. வானம் மங்கியது, ஆனால் தரைக் காற்று அந்த அளவுக்குக் கெடவில்லை. மேலிருந்து பார்த்தால் இரண்டும் சாம்பல் படலம்தான். உயரத்தை அளக்க லைடார் வேண்டும், அதாவது லேசர் ஒளியைக் கீழே பாய்ச்சித் திரும்பி வருவதை அளக்கும் கருவி. கலிப்சோ கோள் 2006 முதல் 2023 வரை அதைச் செய்தது, 2024 மே மாதம் எர்த்கேர் ஏவப்பட்டது. ஆனால் லைடார் தான் பறக்கும் பாதைக்கு நேர் கீழே ஒரு ஒல்லியான கோட்டை மட்டுமே பார்க்கும். உங்கள் ஊர் அந்தக் கோட்டில் விழாமலே போகலாம்.

அதனால் வெளியே போகலாமா, ஜன்னலைச் சாத்தலாமா என்பதுதான் உங்கள் கவலை என்றால், படத்தைப் பார்த்த கையோடு அருகிலுள்ள தரை நிலையத்தின் பிஎம் 2.5 (காற்றிலுள்ள நுண்துகள்) அளவையும் பாருங்கள். படத்தில் படலம் உங்கள் தலைக்கு மேல் வந்தும் அந்த எண் ஏறவில்லையா? அப்படியானால் புகை இன்னும் மேலேதான் இருக்கிறது. அப்புறமும் சில மணி நேரம் அந்த எண்ணைக் கவனித்துக்கொண்டே இருங்கள், வெயில் ஏறி காற்று மேலும் கீழுமாகக் கலக்கும்போது புகை கீழே இறங்கலாம்.