சென்சரை மாற்றியும் எஞ்சின் விளக்கு அணையவில்லை

கேள்வி: பாபநாசத்தில் சொந்தமாக மினி டிரக் ஓட்டுகிறேன். பெட்ரோல், சி.என்.ஜி. இரண்டிலும் ஓடும் வண்டி, பழையதாக வாங்கியது. திருவையாற்றுப் பக்கத்திலிருந்து கும்பகோணத்துக்கு வாழைத்தார் ஏற்றுகிறேன். எஞ்சின் விளக்கு எரிந்ததால் பணிமனையில் காட்டினேன். பி0171 குறியீடு என்று சொல்லி ஆக்சிஜன் சென்சரை மாற்றினார்கள். சில நாட்களில் விளக்கு மறுபடியும் எரிந்தது. இப்போது புகையைச் சுத்திகரிக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டரை மாற்றச் சொல்கிறார்கள்; அதிலும் சரியாகாவிட்டால் எஞ்சினை ஆளும் கணினியான இ.சி.யு.வாம். நண்பரின் ஸ்கேனரில் நெடுங்கால ஃபியூயல் டிரிம் பார்த்தேன். பெட்ரோலில் ஐட்லிங்கில் +7, 2,500 சுற்றில் +15, பாரத்தோடு ரயில்வே மேம்பாலம் ஏறும்போது +24. கேஸில் ஓட்டினால் எப்போதும் +2 முதல் +4 வரைதான். கன்வெர்ட்டரை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள். விடை உங்கள் எண்களிலேயே இருக்கிறது. பணிமனை குறியீட்டைப் படித்ததோடு நிறுத்திக்கொண்டது. நீங்கள் ஒரு படி மேலே போய் அளந்திருக்கிறீர்கள்.

புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சர் சொல்வதை வைத்து, இ.சி.யு. எரிபொருளைக் கூட்டியோ குறைத்தோ விடும் திருத்தத்தின் சதவீதம்தான் டிரிம். எண் பிளஸ்ஸில் இருந்தால் எரிபொருள் போதாமல் கூட்டி ஊற்றுகிறது. மைனஸில் இருந்தால் மிஞ்சியதைக் குறைக்கிறது. பிளஸ், மைனஸ் 5 வரை இயல்பு. 10 வரை பொறுத்துக்கொள்ளலாம். பல வண்டிகளில் 25-ஐ நெருங்கும்போது விளக்கு எரியும். பி0171 என்றால் 'கலவையில் எரிபொருள் குறைவு' என்று மட்டுமே பொருள். சென்சர் கெட்டுவிட்டது என்று அந்தக் குறியீடு எங்கேயும் சொல்வதில்லை. சேதி சொன்னவனுக்கே தண்டனை கொடுத்திருக்கிறார்கள்.

சென்சர், கன்வெர்ட்டர், ஏர் ஃபில்டர், புகைக்குழாய் எல்லாம் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் பொது. அவற்றில் எது பழுதானாலும் கேஸிலும் எண் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. ஆகவே கோளாறு பெட்ரோல் பாதையில் மட்டும். பாரம் ஏற ஏற எண்ணும் ஏறுவதால், கேட்கிற அளவுக்குப் பெட்ரோல் வந்து சேரவில்லை என்பதும் தெளிவு. மேடே இல்லாத நம் டெல்டாவில் எஞ்சினுக்குச் சோதனை வைப்பது ரயில்வே மேம்பாலம்தான். நல்ல இடத்தில் அளந்தீர்கள்.

இந்த வகை வண்டிகள் சிலவற்றில் பெட்ரோல் டேங்க் வெறும் 5 லிட்டர். கேஸ் மலிவு என்று அதிலேயே ஓட்டினால், அந்த 5 லிட்டர் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். இப்போது பம்புகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே ஈரத்துக்கா பஞ்சம்? பழைய பெட்ரோல் பிசினாக மாறி ஃபில்டரையும், எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும் அடைக்கும்.

முதலில் பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதியது ஊற்றச் சொல்லுங்கள். அடுத்து, பிரஷர் கேஜ் மாட்டி, ஐட்லிங்கிலும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதும் பெட்ரோல் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். இத்தகைய எஞ்சின்களில் பெரும்பாலும் 3 முதல் 4 பார் இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே முடிவானது. அழுத்தும்போது முள் சரிந்தால் ஃபில்டர் அல்லது பம்ப். முள் அசையாமல் நின்றும் டிரிம் ஏறினால் இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். கேஜ் இல்லாத பணிமனை என்றால் வேறு பணிமனை பாருங்கள்.

எல்லாம் முடிந்த பிறகும் எண் பூஜ்யத்துக்கு வராது. சுத்தப் பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். 20 சதவீத எத்தனால் கலவைக்கு ஏறக்குறைய 13.5 போதும். பழைய 10 சதவீதக் கலவைக்கு அமைத்த எஞ்சினில் இதனால் மட்டுமே +3, +4 காட்டலாம். அதைக் காட்டி யாராவது பாகம் விற்க வந்தால் வாங்காதீர்கள்.

எண்கள் தலைகீழாக இருந்து, அதாவது ஐட்லிங்கில் அதிகமாகவும் 2,500 சுற்றில் குறைவாகவும் இருந்தால், காற்றுக் கசிவைத் தேட வேண்டும். கொள்முதல் நிலைய வாசலில் நாட்கணக்கில் நிற்கும் வண்டிகளில் வயல் எலி ரப்பர் குழாயைக் கடித்துவிடுவது உண்டு. பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயை இடுக்கியால் மெல்ல நெரித்துப் பாருங்கள். குறுங்கால டிரிம், அதாவது அந்தந்த நொடியின் திருத்தம், சட்டென்று இறங்கினால் கசிவு அந்தப் பக்கம். ஆனால் உள்ளிழுக்கும் குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சர் வைத்த எஞ்சின் கசியும் காற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். அங்கே டிரிமைவிட ஐட்லிங் வேகம்தான் ஏறும்.

கொடுத்த பணத்துக்கு வருவோம். பழைய சென்சரையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. 'வாடகை வண்டி, வணிக நோக்கம்' என்று சொல்லி உங்களை ஒதுக்கப் பார்ப்பார்கள். சொந்த உழைப்பில் பிழைக்க மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை அந்தச் சட்டம் வணிக நோக்கமாகக் கருதுவதில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை.

கேள்வி: மன்னார்குடியில் நெல் லாரி வைத்திருக்கிறேன். டீசல். ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம் எப்போதும் பூஜ்யம். கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. டீசல் எஞ்சின் எப்போதும் மிகுதியான காற்றோடு ஓடுவது; பெட்ரோலுக்குச் சொன்ன அந்த விகிதக் கணக்கே அதற்குக் கிடையாது. நீங்கள் பார்க்க வேண்டியது இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயான ரெயிலின் அழுத்தம் கேட்ட அளவுக்கு வருகிறதா, சிலிண்டர் வாரியாக இன்ஜெக்டர் திருத்தம் எவ்வளவு என்பதை. இழுவை குறைந்து கரும்புகை வந்தால் டர்போ ஹோஸில் விரிசல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: பழைய சி.என்.ஜி. மினி டிரக் வாங்கப் போகிறேன். ஸ்கேனர் வாங்குவது வீண் செலவா?

பதில்: ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் கருவியே போதும். ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகி, செல்பேசியில் பார்க்கலாம். விற்பவர் வழியிலேயே குறியீட்டை அழித்துவிட்டு வந்திருந்தால் விளக்கு எரியாது, நெடுங்கால டிரிம் பூஜ்யம் காட்டும், கூடவே வண்டி தன்னைத்தானே சரிபார்க்கும் 'ரெடினெஸ்' சோதனைகள் முடியவில்லை என்றும் காட்டும். அப்படி இருந்தால் அன்றைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். சில நாள் ஓட்டிவிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிறகு இரண்டு எரிபொருளிலும் தனித்தனியாக ஓட்டி அளவெடுங்கள். கேஸ் சிலிண்டருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் எனும் தண்ணீர் அழுத்தச் சோதனை கட்டாயம். தகட்டில் தேதி கடந்திருந்தால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.