மகனிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: எங்கள் மகனுக்கு 14 வயது. பள்ளி விட்டு எங்கே போகிறாய், யாரோடு சுற்றுகிறாய் என்று கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இயேசு, மரியா, யோசேப்பின் திருக்குடும்பத் திருவிழாவன்று, சிறுவன் இயேசு கோவிலில் தங்கிவிட்ட பகுதியை வாசித்து, நாசரேத்து வீட்டைப் போல உங்கள் வீடும் இருக்கட்டும் என்று சாமியார் பிரசங்கம் வைத்தார். பிள்ளை இயேசுவாக இருந்தால் யாருக்குத்தான் கஷ்டம்? எங்களைப் போன்றவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: பிள்ளை இயேசுவாக இருந்தும் அந்த வீட்டில் கஷ்டம் இருந்தது, நற்செய்தி எழுதிய லூக்கா அதை மறைக்கவே இல்லை. பாஸ்கா விழா முடிந்து ஊர் திரும்புகிறார்கள், எருசலேமிலிருந்து நாசரேத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல், பையன் சொந்தக்காரர்களோடு வருவான் என்று நம்பி ஒரு நாள் பயணம் போன பிறகுதான் காணோம் என்று தெரிகிறது. திரும்பிப் போய்த் தேடி, மூன்று நாளுக்குப் பின் கோவிலில் கண்டுபிடிக்கிறார்கள். நம் வீடாக இருந்தால் முதலில் கை நீளும், அப்புறம்தான் பேச்சு. மரியா கேட்டதை மெதுவாக வாசித்துப் பாருங்கள்: "மகனே, ஏன் இப்படிச் செய்தாய்?" உன் தந்தையும் நானும் கவலையோடு தேடிக்கொண்டிருந்தோமே என்கிறார். அவ்வளவுதான். 'நீ எப்பவுமே இப்படித்தான்', 'பக்கத்து வீட்டுப் பையனைப் பார்' எதுவும் இல்லை. காரணம் கேட்கிறார், தான் பட்ட வேதனையைச் சொல்கிறார். 'உன் தந்தையும் நானும்' என்பதையும் கவனியுங்கள், பல வீடுகளில் 'அப்பா வரட்டும், சொல்றேன்' என்று அம்மா மிரட்டி மிரட்டியே அப்பா என்றால் போலீஸ்காரர் என்று ஆகிவிடுகிறது.

'நான் என் தந்தையின் அலுவல்களில் ஈடுபட்டிருக்க வேண்டும் என்று தெரியாதா' என்று இயேசு சொன்ன பதிலும் பெற்றோருக்குப் புரியவில்லை என்று லூக்கா 2ஆம் அதிகாரத்தின் 50ஆம் வசனம் வெளிப்படையாகவே சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வசனம் இது. புரியாமலேயே மூவரும் ஒன்றாக ஊருக்குப் போகிறார்கள், மகன் பணிந்து நடக்கிறான், தாய் எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொள்கிறார். அதனால் இன்றிரவே உங்கள் மகன் எல்லாவற்றையும் கக்கிவிட வேண்டும் என்று உட்கார வைத்துக் குடையாதீர்கள். அதற்காகக் கேட்காமலே விட்டுவிடவும் கூடாது, யோசேப்பும் மரியாவும் வந்த வழியெல்லாம் திரும்பிப் போய்த் தேடினார்கள். அவனுடைய நண்பர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குத் தெரிந்துகொள்ளுங்கள், வீட்டுக்கு வரச் சொல்லி டீ போட்டுக் கொடுங்கள்.

இந்தச் சனிக்கிழமை செபமாலை முடிந்ததும் பைபிளை அவன் கையில் கொடுத்து லூக்கா 2:41-52 வரை, பன்னிரண்டே வசனம், அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். நீ யார் பக்கம் என்று கேளுங்கள். 'இயேசு பக்கம்' என்பான், அநேகமாக. ஏன் என்று அவன் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசாதீர்கள், பிரசங்கமும் வேண்டாம்.

கேள்வி: "உங்கள் கணவருக்குப் பணிந்திருங்கள்" என்று, பவுல் கொலோசையருக்கு எழுதிய திருமுக வாசகத்தில் வருகிறது. சண்டை வந்தாலே என் கணவர் இதைத்தான் சொல்கிறார். (பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: அடுத்த வசனத்தையும் அவரையே வாசிக்கச் சொல்லுங்கம்மா. கணவர்கள் மனைவியை அன்பு செய்ய வேண்டும், கொடுமைப்படுத்தக் கூடாது என்று அதில் இருக்கிறது. பரிவு, மனத்தாழ்மை, பொறுமை, மன்னிப்பு என்று அதற்கு முன்னால் பவுல் சொல்வதெல்லாம் இருவருக்கும்தான். இதே போலப் பணிவு பற்றிப் பேசும் எபேசியர் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தை விளக்கும்போது, பணிவு கணவன் மனைவி இருவருக்கும் பொது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1988இல் பெண்களின் மாண்பு பற்றிய மடலில் தெளிவாகவே எழுதினார். சண்டையில் ஜெயிக்க ஒரு வரியை மட்டும் உருவி எடுப்பது இறைவார்த்தைக்குச் செய்கிற அநியாயம்.

பேச்சோடு நிற்காமல் அடி உதை என்று போகிறதா? உங்கள் கடிதத்தில் அது இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். அப்படியானால் அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி எந்த வாசகமும் இல்லை. நம்பிக்கையான ஒருவரிடம், பங்குச் சாமியாரிடம் சொல்லுங்கள், 181 பெண்கள் உதவி எண்ணுக்கும் கூப்பிடுங்கள்.