எந்தப் பூட்டு?

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கடைக்கு விண்டோஸில், சி மொழியில் பில் புரோகிராம் எழுதுகிறேன். இரண்டு த்ரெட்கள் (ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) ஒரே மொத்தத்தில் கூட்டும்போது கணக்கு உதைக்கிறது. மியூடெக்ஸ் (ஒரு சமயத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) போடலாமா? (வாசகர், மேலூர்)

பதில்: ஒரே புரோகிராமுக்குள் என்றால் மியூடெக்ஸ் வேண்டாம் தம்பி. விண்டோஸில் அது கெர்னல் (விண்டோஸின் உள்மையம்) சமாச்சாரம். போட்டிக்கு யாரும் இல்லாதபோதும் கெர்னலுக்குள் போய் வர வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். கிரிட்டிக்கல் செக்‌ஷனோ, விண்டோஸ் விஸ்டாவில் வந்த எஸ்ஆர்டபிள்யூ லாக்கோ போடுங்கள். இரண்டும் ஒரே புரோகிராமுக்குள் வேலை செய்யும் பூட்டுகள். எனக்குப் பிடித்தது பின்னதுதான்: ஒரு பாயின்டர் (நினைவக முகவரி) அளவு இடம்தான், கடைசியில் அழிக்கும் வேலையும் இல்லை. ஆனால் பூட்டிய த்ரெட்டே அதை மறுபடி பூட்டப் போனால் அங்கேயே நின்றுவிடும். கிரிட்டிக்கல் செக்‌ஷனில் அந்தத் தொல்லை கிடையாது.

கூட்டல் பார்க்க ஒரே வரிதான். உள்ளே படிப்பது, கூட்டுவது, எழுதுவது என்று மூன்று வேலை. நடுவில் அடுத்த த்ரெட் நுழைந்தால் ஒரு பில் தொகை காணாமல் போகும். அப்புறம், பூட்டைப் பிடித்துக்கொண்டே பிரிண்டருக்கு அனுப்பாதீர்கள், கூட்டியதும் விட்டுவிடுங்கள்.