அறுத்த போல்ட்டில் நட்டு ஏறவில்லையே!

கேள்வி: நீளமான 10 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றை ஹாக்சாவால் அறுத்துக் குறைத்தேன். இப்போது நட்டு ஏற மறுக்கிறது. அழுத்தித் திருகினால் கோணலாகப் போகிறது. இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும்; ஆனால் அழுத்தித் திருகுவதை முதலில் நிறுத்துங்கள். அறுத்த இடத்தில் எழுந்த பிசிறும், நுனியில் கத்தி முனைபோல் மெலிந்து மடங்கிய முதல் மரையுமே நட்டைத் தடுக்கின்றன. போல்ட்டை வைஸில் நேரடியாகக் கவ்வினால் மரை நசுங்கும் என்பதால், இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்து இறுக்கி, நுனியின் விளிம்பைச் சுற்றிலும் ஏறத்தாழ 45 பாகைச் சரிவில், மரையின் அடிப்பள்ளம் வரை அரத்தால் ராவுங்கள். பெரும்பாலும் இதிலேயே நட்டு ஏறிவிடும்.

ஏறாவிட்டால், மரை வெட்டும் கருவியான டை தேவைப்படும். 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு வழக்கமான மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர், 1.25 உள்ளவையும் உண்டு என்பதால், அளவு பார்க்காமல் டையை ஏற்றினால் இருக்கிற மரையும் போய்விடும். எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னும் கால் சுற்றுப் பின்னுமாகத் திருப்பினால் துகள் உடைந்து விழும்.

அடுத்த முறை, அறுக்கும் இடத்தைத் தாண்டி ஒரு நட்டை முன்பே ஏற்றிவைத்துவிட்டு அறுங்கள். ராவி முடித்தபின் அதைக் கழற்றும்போது, அது சிறு பிசிறுகளை நீக்கி, லேசாக மடங்கிய மரையையும் நிமிர்த்திக்கொண்டே வெளிவரும். துத்தநாகப் பூச்சுள்ள போல்ட்டாயின் அறுத்த முகத்தில் துரு பிடிக்கும்; அங்கே துத்தநாகப் பெயின்ட் தடவுங்கள்.