சிசிஎன்ஏ (சிஸ்கோ கம்பெனியின் நெட்வொர்க் சான்றிதழ்) தேர்வில் கோளாறு கண்டுபிடிக்கும் கேள்விகளுக்குக் கோச்சிங் போகாமல் தயாராக முடியுமா?

முடியும். ஆனால் நான் முதல் தடவை ஃபெயில். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது வந்து தோண்டுவார்கள்.

நீங்களும் என்னைப் போல வயர் இழுத்து, கேமரா மாட்டித் தொழில் பழகியவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். காலேஜ் முடித்த கையோடு எழுதுபவர் என்றால் இதில் பாதி உங்களுக்கு ஒத்துவராது.

எனக்கு ஊர் மண்டபம் பக்கம். ராமேஸ்வரம் லாட்ஜ்களில் கேமரா, வைஃபை வேலை பார்க்கிறேன். எங்கள் கரையில் நெட்வொர்க் கோளாறு என்றால் பெரும்பாலும் ஒரே வியாதிதான். கச்சான் காற்று அடிக்கிற மாசங்களில் மொட்டைமாடி ஜாக்குக்குள் உப்பு இறங்கி, முலாம் பூசிய எட்டுப் பின்னும் பச்சைக் களிம்பு ஏறிக் கிடக்கும். இரண்டு அங்குலம் வெட்டிவிட்டுப் புது ஜாக் அடிப்பேன். நெட்வொர்க் சுவிட்சில் (வயர்களையெல்லாம் சேர்க்கிற பெட்டி) லைட் எரிந்தால் கூலி வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். கோளாறு பார்க்க எனக்கே ஒருத்தன் சொல்லித்தர வேண்டுமா என்கிற திமிர் இப்படித்தான் வந்தது.

அந்தத் திமிரோடு மதுரையில் போய் உட்கார்ந்தேன். 120 நிமிடம். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பி வர முடியாது. என்ன கேட்டார்கள் என்று சொல்லமாட்டேன், சொல்லக் கூடாது என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறோம். பாடத்திட்டத்தில் இருக்கிற ரகத்தைச் சொல்கிறேன்: வயர் நன்றாக இருக்கும், லைட்டும் எரியும், ஆனால் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கிற சோதனை) போகாது. சுவிட்சுகளை இணைக்கிற ட்ரங்கில் ஒரு விலானை (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்கை) மட்டும் அனுமதிக்காமல் விட்டிருப்பார்கள். இல்லையென்றால் ஒரு பக்கம் /24, மறுபக்கம் /25 என்று மாஸ்க் (முகவரியில் எதுவரை நெட்வொர்க் என்று சொல்கிற எண்) மாறியிருக்கும். பச்சை லைட்டுக்கு மேலே எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்த மானிட்டர் முன்னால்தான் உறைத்தது. 300 டாலரும் வரியும் போச்சு.

அப்புறம் செய்ததுதான் உங்களுக்கு உபயோகப்படும். கம்ப்யூட்டருக்குள்ளேயே பொம்மை நெட்வொர்க் கட்டிப் பழகுகிற சிஸ்கோவின் பேக்கெட் ட்ரேசர் இலவசம். அதில் மூன்று ரவுட்டர், நாலு சுவிட்ச் வைத்து ஒழுங்காக ஓடுகிற நெட்வொர்க் ஒன்றைக் கட்டினேன். பிறகு நாற்பது துண்டுச்சீட்டில், சீட்டுக்கு ஒன்றாக, அதைக் கெடுக்கிற கமாண்டுகளை எழுதி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுத் தங்கச்சியிடம் கொடுத்தேன். அவள் பி.ஏ. தமிழ். தினமும் ராத்திரி ஒரு சீட்டை எடுத்து, எழுத்துக் கூட்டி டைப் அடித்துவிட்டு, "கெடுத்தாச்சுண்ணே" என்று எழுந்து போய்விடுவாள். நான் கண்டுபிடிக்க வேண்டும். பிங்கும், எதையும் மாற்றாமல் இருப்பதைக் காட்டுகிற ஷோ கமாண்டும் மட்டும்தான் அடிக்கலாம். காரணம் இன்னதென்று பேப்பரில் எழுதாமல் எதையும் மாற்றக் கூடாது.

ஒரு ராத்திரி பக்கத்து ரவுட்டருக்குப் பிங் ஜோராகப் போகிறது, ஆனால் அதற்கு அந்தப் பக்கத்து ரூட் ஒன்றுமே இல்லை. ரவுட்டர்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்கிற முறையான ஓஎஸ்பிஎஃப்பில் நெய்பர் பட்டியல் காலி. கையோ வயரைத்தான் தேடுகிறது, திரையில் இருக்கிற பொம்மை வயரைக்கூட ஒருதரம் பிடுங்கி மாட்டினேன் (சிரிக்காதீர்கள்). முக்கால் மணி நேரம் கழித்து இரண்டு ரவுட்டரிலும் 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் இன்டர்ஃபேஸ்' அடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் ஹலோ (எத்தனை செகண்டுக்கு ஒருதரம் குரல் கொடுப்பது) 10, டெட் (எத்தனை செகண்ட் குரல் வராவிட்டால் போய்விட்டதாக எண்ணுவது) 40. மற்றதில் ஹலோ 5, டெட் 20. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நெய்பர் ஆகாது, அவ்வளவுதான் விஷயம். ஒரு முனையை மட்டும் எவ்வளவு நேரம் முறைத்தாலும் அது சரியாகத்தான் தெரியும்.

பேக்கெட் ட்ரேசர் விளையாட்டுச் சாமான், நிஜ ரவுட்டர் சாஃப்ட்வேரையே ஓட்டுகிற ஈவ்-என்ஜி போடு என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். என் லேப்டாப்பில் 4 ஜிபி ராம், அது தாங்காது. டம்ப்ஸ் (தேர்விலிருந்து கசிந்த கேள்வி-பதில்) மனப்பாடம் செய்து பாஸானவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை, கெட்டுப்போன சுவிட்ச் முன்னால் அவர்கள் நிற்பதைப் பார்த்திருக்கிறேன், அது போதும்.

படிக்கிற நேரத்தை மார்க்கைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். ரூட்டிங் அடங்கிய ஐபி கனெக்டிவிட்டி 25 சதவீதம், சுவிட்ச் பக்கம் 20. ஆட்டோமேஷன் 10தான், அதிலேயே போய் விழுந்து கிடக்க வேண்டாம். 2020 பிப்ரவரி வரை, சிசிஎன்ஏவுக்கு அடுத்த படியான சிசிஎன்பியில் டிஷூட் என்று கோளாறுக்கென்றே தனித் தேர்வு இருந்தது. அதன் பழைய புத்தகம் எங்கேயாவது கிடைத்தால் வாங்கிவிடுங்கள், பாடம் கொஞ்சம் மேலே போகும், ஆனாலும் வீண் இல்லை.

இரண்டாவது தடவை பாஸ். அந்தச் சான்றிதழோடு சென்னையில் ஒரு இன்டர்வியூ போனேன். ஓஎஸ்பிஎஃப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்டர்வியூ எடுத்தவர் என் ஊரைப் பார்த்துவிட்டு, "ராம்நாடா? தண்ணியில்லாக் காடாச்சே சார்" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல் என்று இருக்கிறவனிடம்! யாரையாவது தண்டிக்க வேண்டுமென்றால் எங்கள் ஜில்லாவுக்கு மாற்றுவேன் என்று எத்தனை காலமாகத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? வேலையும் தரவில்லை. கம்பெனிப் பெயர் வேண்டாம், விடுங்கள்.

கோச்சிங் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பணம் இருந்தால் போங்கள், அங்கேயும் உங்களுக்குத் தெரியாமல் நெட்வொர்க்கைக் கெடுத்து வைக்க ஒரு ஆள் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபெயிலானால் அஞ்சு நாள் கழித்துத் திரும்ப எழுதலாம் என்பது விதி. நான் நாலு மாசம் எடுத்துக்கொண்டேன். பாட்டிலில் கடைசியாக இருந்த ஏழு சீட்டைப் பிரிக்கவே இல்லை.